சொல்லும் பொருளும்: துரத்தப்பட்டவனின் பெயர்

இம்மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே உறைக்குள் ஐந்து கேள்விகள் வந்துள்ளன. சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தின் பின்புற அறையில் கூடிப் படிக்கும் வாசகர்கள் சிலர், ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு வாரங்கள் வாதிட்டும் முடிவுக்கு வராமல், வாதத்தை அப்படியே மடித்து அஞ்சலில் சேர்த்துவிட்டார்கள். நானும் அந்தப் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், வழக்கமாகப் பல ஊர்க் கேள்விகளுக்கு ஒதுக்கும் இடம் முழுவதையும் இம்முறை இந்த ஓர் உறைக்கே கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் பேரன் படிவம் நான்கில் படிக்கிறான். அவனுடைய ஆங்கிலப் பயிற்சியில், வீட்டை இழந்து மூட்டை முடிச்சுகளோடு சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தை 'ரெட்சிட்' (wretched) என்ற சொல்லால் குறித்திருக்கிறார்கள். வீட்டிலுள்ள பழைய அகராதியில் அச்சொல்லுக்குப் 'பரிதாபத்துக்குரிய' என்றும் 'இழிந்த' என்றும் அருகருகே பொருள் போட்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டுமா, முகம் சுளிக்க வேண்டுமா? ஒரே சொல் இரண்டையும் எப்படிச் சுமக்கிறது?

– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்)

பதில்: அகராதி தவறு செய்யவில்லை. ஐயா கேட்ட கேள்விக்கான விடை அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

'ரெட்சிட்' என்ற பெயரடைக்கு மூலமான பெயர்ச்சொல் 'ரெட்ச்'. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இது 'ரெக்கா' என்ற வடிவில் இருந்தது. அதற்கு அன்று இருந்த முதற்பொருள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன், நாடு கடத்தப்பட்டவன் என்பதே. துரத்து, விரட்டு, பழிவாங்கு என்னும் பொருள்களைத் தந்த ஒரு வினையடியிலிருந்து அது பிறந்தது. அதே வினை இன்றைய ஆங்கிலத்தில் பழிதீர்த்தலைக் குறிக்கும் 'ரீக்' (wreak) என்ற சொல்லாக உயிரோடு இருக்கிறது. உடைந்த கப்பலைக் குறிக்கும் 'ரெக்' என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அலைகள் விரட்டி வந்து கரையில் ஒதுக்கிய பொருள் என்பதே அதன் தொடக்கப் பொருள்.

துரத்தப்பட்டவன் எப்படித் துன்பப்பட்டவன் ஆனான் என்பதைப் புரிந்துகொள்ள அக்கால இங்கிலாந்தின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனிதனுக்குக் காவல் என்பது அவனுடைய சுற்றமும் அவன் அடிபணிந்திருந்த தலைவனுமே. ஒருவன் கொல்லப்பட்டால், கொன்றவன் அவனுடைய உறவினருக்கு உயிர்விலை கொடுத்தாக வேண்டும் என்பது வழக்கம். ஊரிலிருந்து விரட்டப்பட்டவனுக்கோ விலை கேட்க ஆள் அருகில் இல்லை. குளிரில் ஒதுங்கத் தலைவனின் கூடம் இல்லை. பந்தியில் அவனுக்கென்று ஓர் இடமும் இல்லை. ஆகவே துரத்தப்பட்டவன் என்று சொன்னாலே அதற்குள் பசி, குளிர், அச்சம், தனிமை எல்லாம் அடங்கிவிட்டன. நாளடைவில் துரத்தப்பட்ட செய்தி பின்வாங்கி, துன்பம் மட்டும் முன்னால் வந்து நின்றது. ஊரிலேயே, சொந்த வீட்டிலேயே இருந்து துன்பப்படுகிறவனையும் அச்சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த படிதான் ஐயாவை உறுத்துவது. ஊர் ஒருவனை விரட்டியது என்றால் அவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. 'சும்மாவா துரத்துவார்கள்?' என்ற அந்த ஒரு கேள்வியிலேயே இரக்கம் இளக்காரமாகத் திரும்பிவிடுகிறது. இவ்வாறு இழிந்தவன், கயவன் என்ற பொருளும் அச்சொல்லில் ஏறிக்கொண்டது. பழைய பொருளும் போகவில்லை. உங்கள் அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் அந்த இரண்டு பொருள்களும் உண்மையில் ஒரே மனிதனை இரண்டு வாசற்படிகளிலிருந்து பார்த்தவர்கள் சொன்னவை.

இதற்கு நேர்மாறான வழியில் போன உடன்பிறப்பு ஒன்றும் இச்சொல்லுக்கு உண்டு. ஜெர்மன் மொழியில் 'ரெக்கே' என்றால் வீரன். அதன் பழைய வடிவத்துக்கும் நாடு நீங்கியவன் என்பதுதான் பொருள். ஆனால் ஜெர்மானியர்கள் அந்த மனிதனிடம் கண்டது வேறு: சொந்த மண்ணில்லாமல், தன் வாளையே துணையாகக் கொண்டு, அரசவைக்கு அரசவை சென்று போரிடும் துணிச்சல்காரன். பழைய ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் ஒரு காலத்தில் இருந்தது. சிதைந்து கிடைத்த ஒரு போர்ப்பாடலில் ஒரு வீரன், தான் எங்கும் பெயர்பெற்ற 'ரெக்கா' என்று மார்தட்டிக்கொள்கிறான். ஒரே சொல் ஒரு கரையில் வீரனாகவும் மறு கரையில் பஞ்சையாகவும் முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம், கப்பலேறிப் போனவனை ஊரில் இருப்பவர்கள் எப்படி நினைப்பார்கள், போய் இறங்கிய இடத்தில் இருப்பவர்கள் எப்படி நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஜெர்மனில் துன்பத்துக்கு வழங்கும் 'எலெண்ட்' என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் பழைய வடிவம் 'எலிலென்டி'. முன்பகுதிக்கு 'வேறு' என்றும் பின்பகுதிக்கு 'நாடு' என்றும் பொருள். (நம் வீட்டு எலிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) வேற்று நாடு, வேற்று நாட்டில் இருத்தல் என்று தொடங்கி, இன்று வெறும் துன்பம், அவலம் என்று நின்றுவிட்டது. 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் மொழியிலும் இதே சொல் 'எல்லெண்ட' என்ற வடிவில் அதே துன்பத்தைக் குறிக்கிறது.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை, நம்மிடமே 'பரதேசி' இருக்கிறதே என்று உங்களில் யாராவது முணுமுணுத்திருப்பீர்கள். உண்மைதான். பர தேசம் என்றால் பிற நாடு. பரதேசி என்றால் பிற நாட்டான். கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக்கூடம் இன்றுவரை பரதேசி என்ற அடைமொழியோடுதான் வழங்குகிறது. அங்கே அச்சொல்லில் வசை துளியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் கோயில் என்பதே பொருள். தமிழில் அது ஊர் ஊராகத் திரியும் துறவியைக் குறித்து, பிறகு பிச்சைக்காரனைக் குறித்து, கடைசியில் கோபத்தில் வாய்க்கு வரும் ஏச்சாக வந்து சேர்ந்தது. 'எலெண்ட்' நடந்த பாதையும் 'ரெட்ச்' நடந்த பாதையும் இதுவேதான்.

எங்கள் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். கூடப்பிறந்தவர் இல்லை, குடும்பமும் இல்லை. பால் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்து முடித்து, வாளி சுமக்கும் காண்டாக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலில் தகரப் பெட்டியின் மேல் அமர்ந்து, மங்கு ஒன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். பால் பிடிக்கும் மங்கில் தேநீர் குடிப்பவர் தோட்டத்தில் அவர் ஒருவர்தான். சிறுவர்களாகிய நாங்கள் அவருக்குப் 'பரதேசித் தாத்தா' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு நாள் என் வாயிலிருந்து அது பாட்டியின் காதில் விழுந்துவிட்டது. பாட்டி அடிக்கவில்லை. "ஏன்டா, நாமெல்லாம் மட்டும் இங்க என்ன சொந்த தேசத்துலயா இருக்கோம்? நானும் பரதேசிதான், உங்க தாத்தாவும் பரதேசிதான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வெள்ளிக் குவளை ஒன்றை என் கையில் கொடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அவர் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாரே தவிர, கடைசிவரை மங்கிலேயே குடித்தார்.

பேரனின் பாடத்தில் வரும் குடும்பத்துக்கு வருவோம். வீடிழந்து சாலையோரத்தில் மூட்டையோடு இருப்பவர்கள் என்ற அந்த இடத்தில், அச்சொல் தன்னுடைய ஆயிரம் ஆண்டுப் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஐயாவின் ஊரில் இதை விளக்க அகராதி தேவைப்படாது. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற 'தோட்டத் துண்டாடல்' காலத்தில், வேலையோடு லயத்து வீடும் போய், சட்டி பானையோடு வெளியேறிய குடும்பங்களைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் துண்டாடலுக்கு மாற்றாகத் தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கென 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 'ரெட்ச்' என்று எழுதும்போது முன்னால் டபிள்யூ என்ற எழுத்து எதற்கு? உச்சரிக்காத எழுத்தை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? டபிள்யூ இல்லாமல் எழுதினால் என்ன குற்றம்?

– படிவம் ஐந்து மாணவி

பதில்: டபிள்யூ இல்லாமல் எழுதினால் அது வேறொரு சொல்லாகிவிடும்: குமட்டுதல், ஓங்கரித்தல் என்று பொருள்படும். இரண்டுக்கும் ஒலி ஒன்றே தவிர, உறவு எதுவும் இல்லை. குமட்டலைக் குறிக்கும் சொல் காறி உமிழ்வதைக் குறித்த வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தேர்வில் 'பரிதாபமான மனிதன்' என்று எழுத நினைத்துக் குமட்டலை எழுதிவிடாதீர்கள்.

அந்த டபிள்யூ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலிக்கப்பட்டது. உதடுகளைக் குவித்து 'வ்' என்று தொடங்கி அதன்பின் 'ர'வுக்குப் போவார்கள். 17ஆம் நூற்றாண்டை ஒட்டி இங்கிலாந்தின் பேச்சில் அந்த ஒலி தேய்ந்து போனது. அதற்குள் அச்சகங்கள் எழுத்துக்கூட்டலை ஏறக்குறைய நிலைநிறுத்திவிட்டதால் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. 'வாழைப்பழம்' என்று எழுதிவிட்டுக் கடையில் 'வாளப்பளம்' என்று கேட்கும் நாம் ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இன்னொரு செய்தி: 'ரெட்ச்' ஓர் அசை, ஆனால் 'ரெட்சிட்' இரண்டு அசை. கடைசி எழுத்துகளைப் பார்த்து இறந்தகால வினை என்று நினைத்து 'ரெட்ச்ட்' என்று ஒரே மூச்சில் படிக்கக் கூடாது.

கேள்வி: துன்பத்தைக் குறிக்கும் 'மிசரி' என்ற சொல்லும், கஞ்சனைக் குறிக்கும் 'மைசர்' என்ற சொல்லும் எழுத்தில் மிக நெருக்கமாக இருக்கின்றன. பணம் வைத்திருப்பவன் எப்படித் துன்பத்தின் உறவினன் ஆனான்? வகுப்பில் மாணவர்கள் கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை.

– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: உறவினன்தான் அம்மா; ஒரே தாயின் பிள்ளைகள். இலத்தீனில் 'மிசெர்' என்றால் துன்புற்றவன், இரங்கத்தக்கவன். அதிலிருந்து துன்பத்தைக் குறிக்கும் 'மிசெரியா' பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'மிசரி'யாக வந்தது. 'மைசர்' அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நேரே இலத்தீனிலிருந்து வந்தது. வந்த புதிதில் அதற்கும் துன்பப்பட்டவன் என்பதுதான் பொருள். பணப்பெட்டி எதுவும் அவன் கையில் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே அது கஞ்சனைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் அதற்கே உரியதாகிவிட்டது. பெட்டி நிறையப் பணம் இருந்தும் கிழிந்ததை உடுத்தி, பழையதைத் தின்று, இருட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தவர்களுக்கு அவனை அழைக்க வேறு சொல் தோன்றவில்லை. நம்மூர்ப் பேச்சில் கஞ்சனைத் 'தரித்திரம் பிடித்தவன்' என்று ஏசுவதை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தரித்திரம் என்றால் வறுமை. பணக்காரனை வறியவன் என்று ஏசுகிற அதே எள்ளல்தான் அங்கும் நடந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பினர் வேறொருவர். 'மிசெர்' என்பதோடு இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற இலத்தீன் சொல்லைச் சேர்த்து 'மிசெரிகோர்தியா' என்ற சொல்லை ஆக்கினார்கள். துன்புற்றவர் பக்கம் சாய்ந்த நெஞ்சு, இரக்கம். போர்த்துகீசியர்கள் 1498இல் லிஸ்பனில் இப்பெயரில் ஓர் அறநிலையத்தைத் தொடங்கி, நோயாளிகளையும் கைதிகளையும் அநாதைகளையும் கவனித்தார்கள். பிறகு தாங்கள் கப்பல் ஓட்டிச் சென்று பிடித்த துறைமுகங்களிலெல்லாம் அதன் கிளையை நிறுவினார்கள். 1511இல் அவர்கள் கைப்பற்றிய மலாக்காவிலும் அது இருந்தது. சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் 1569இல் தொடங்கப்பட்டது இன்றும் இயங்குகிறது. பீரங்கியால் ஊரைப் பிடித்தவர்கள் இரக்கத்தின் பெயரில் மருத்துவமனையும் கட்டினார்கள் என்பதை எந்தத் தட்டில் வைத்து எடைபோடுவது என்பது வரலாற்று ஆசிரியர்களின் பாடு. மாணவர்களை மலாக்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, கோட்டை வாசலில் நின்று இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

இதே பெயரில் ஒரு சிறு கத்தியும் இருந்தது. போர்க்களத்தில் பிழைக்க வழியின்றிக் கிடக்கும் வீரனின் வேதனையை ஒரே குத்தில் முடிப்பதற்கான மெல்லிய குத்துவாள் அது. இரக்கம் என்று கத்திக்குப் பெயரிட்டவர்களின் மனத்தை நினைத்தால் சற்று நடுக்கமாக இருக்கிறது.

துன்பத்திலிருந்து இழிவுக்குச் சென்ற இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. 'கேட்டிஃப்' என்ற அந்தப் பழைய சொல் இன்று வழக்கில் இல்லையென்றாலும், அதன் வரலாறு ஆசிரியைக்குப் பயன்படும். இலத்தீனில் சிறைப்பட்டவனைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கிலத்தில் கைதி, பஞ்சை, கயவன் என்று அது பொருள் மாறியது. அதே இலத்தீன் சொல் பிரெஞ்சில் நோஞ்சானைக் குறிக்கிறது. இத்தாலியில் 'கெட்ட' என்றே பொருளாகிவிட்டது. பிடிபட்டவன் என்பது மட்டுமே அந்த மனிதன் செய்த குற்றம்.

கேள்வி: மலாய் நாளிதழில் 'ஹிடுப் செங்சாரா' என்று ஒரு தலைப்பு வந்தது. துன்பமான வாழ்க்கை என்று பொருள். இந்தச் செங்சாரா நம்முடைய 'சம்சாரம்'தான் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்லப்போக, கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னை முறைத்துப் பார்க்கிறார். உண்மையா?

– சாப்பாட்டுக்கடைக்காரர்

பதில்: உண்மைதான், ஆனால் உங்கள் மனைவியாரிடம் முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள், பாதியில் நிறுத்தினால் ஆபத்து.

இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துகொண்டே இருத்தல், சுழன்று திரிதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பிறந்து இறந்து மீண்டும் பிறந்து உயிர் ஓயாமல் அலைவதை இந்திய மெய்யியலார் அச்சொல்லால் குறித்தார்கள். தமிழ் அதை உலக வாழ்க்கை என்று வாங்கி, இல்லற வாழ்க்கை என்று சுருக்கி, இல்லறத்துக்கு அச்சாணியான மனைவிக்கே பெயராக்கிவிட்டது. தமிழ்நாட்டின் கரிசல் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. நிலமும் மாடும் பிள்ளைகளுமாக வாழ்கிறவன். மலாய் மொழியோ இந்து, பௌத்தச் சமயங்கள் இந்தத் தீபகற்பத்தில் வேரூன்றியிருந்த நூற்றாண்டுகளில் அதே சொல்லை வாங்கி, அலைச்சலின் மற்றொரு முகமான துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே மனைவியைத் துன்பம் என்று சொன்னவர் யாரும் இல்லை. திரிதல் என்ற ஒரே ஊற்றிலிருந்து ஒரு மொழிக்கு வீடும் மற்றொரு மொழிக்கு வேதனையும் கிடைத்தன. கிராணி ஐயாவுக்குச் சொன்ன 'ரெக்கா'வும் இப்படித் திரிந்தவன்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இன்னும் ஒரு மலாய்ச் சொல்லைச் சேர்த்துத் தருகிறேன், கடையில் பேச உதவும். மலாயில் 'பாப்பா' என்றால் பரம ஏழை, கதியற்றவன். சமஸ்கிருதத்தில் தீவினையைக் குறிக்கும் நம் 'பாவம்'தான் அது. நாமும் அச்சொல்லை இரண்டு விதமாக ஆள்கிறோம்: 'பாவம் செய்தான்' என்றால் குற்றம், மழையில் நனைந்து வருகிறவனைப் பார்த்துப் 'பாவம்!' என்றால் இரக்கம். துன்பப்படுகிறவன் முன்வினைப் பயனை அனுபவிக்கிறான் என்ற எண்ணம்தான் இரண்டையும் இணைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வணிகத்தைக் குறிக்கும் 'டாகாங்' என்ற சொல்லும், பழைய மலாயில் அயலூரிலிருந்து வந்த அந்நியனையே குறித்தது. உறவினர் இல்லாத ஊரில் தங்கி வாழும் 'அனாக் டாகாங்'கின் தனிமையை மலாய்ப் பாடல்கள் உருகிப் பாடும். அவனும் நம் பரதேசியும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கத் தகுந்தவர்கள்.

கேள்வி: இவ்வளவும் இருக்கட்டும். 'ரெட்ச்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது? 'துன்பப்படுபவன்' என்றால் சப்பென்று இருக்கிறது. 'கயவன்' என்றால் இரக்கம் போய்விடுகிறது. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த அம்மா ஒருவர் 'போக்கத்தவன்' என்கிறார். அது கொச்சை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். தீர்ப்பு உங்களுடையது.

– வாசகர் கூட்டத்தின் சார்பில்

பதில்: முதலில் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஆங்கில விவிலியத்தில் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் பவுல் தன்னைத் தானே நொந்துகொள்ளும் இடத்தில் 'ரெட்சிட்' என்ற சொல் வருகிறது. நம் தேவாலயங்களில் படிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'நிர்ப்பந்தமான மனுஷன்' என்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில் அதே ஆங்கிலச் சொல் வரும் இடத்திலோ 'நிர்ப்பாக்கியமுள்ளவன்' என்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே சொல். இரண்டு தமிழ்ச் சொற்களுமே இன்று நமக்கு உதவா. நிர்ப்பந்தம் என்றால் இன்று கட்டாயம். 'நிர்ப்பந்தமான மனிதன்' என்று பேரன் எழுதினால் ஆசிரியர் சுழித்துவிடுவார்.

பழந்தமிழில் துன்பத்துக்குச் சொற்பஞ்சம் கிடையாது. இடுக்கண், இடும்பை, அல்லல், அவலம், இன்னல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் இவையெல்லாம் துன்பத்தின் பெயர்கள். நமக்கு வேண்டியது துன்பத்துக்கு ஆளானவனின் பெயர். அதிலும் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவனின் பெயர். அந்த வகையில் தொல்காப்பியம் மிக நெருங்கி வருகிறது. மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது இளிவு, உயிரையோ பொருளையோ இழப்பது இழவு, இல்லாமை வறுமை. மூன்றாவதாக நிற்கும் அசைவுக்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் கிடந்து வருந்துதல் என்று உரை சொல்கிறார்கள். சாலையோரக் குடும்பத்தின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆயினும் 'அசைவுற்றவர்கள்' என்று இன்று எழுதினால், படிப்பவர்கள் அவர்கள் நடனமாடியதாக நினைத்துக்கொள்வார்கள்.

அகதி என்ற சொல்லும் தகுதியுடையது. கதி, அதாவது புகலிடம், இல்லாதவன் என்பது அதன் பொருள். முன்பு எந்த ஆதரவற்றவனையும் குறித்தது. இப்போது போரால் நாடு விட்டு வந்தவர்களுக்கென்று அது தனிப் பொருள் பெற்றுவிட்டதால், அதைத் தொட்டால் வேறு கதை ஆரம்பமாகிவிடும்.

இப்போது அந்த அம்மாவின் 'போக்கத்தவன்'. இது கொச்சை என்றால், 'போக்கற்றவன்' என்று எழுதிவிட்டால் கொச்சை போய்விட்டது. போக்கு என்பது போவதற்கான வழி. போக்கிடம் என்பது போய்ச் சேர்வதற்கான இடம், புகலிடம். அது அற்றவன் போக்கற்றவன். 'போக்கிடம் இல்லாமல் நிற்கிறது அந்தக் குடும்பம்' என்று சொல்லும்போது நம் குரலில் இரக்கம் இருக்கிறது. 'போக்கத்த பயலே' என்று திட்டும்போது அதே சொல்லில் இளக்காரம் ஏறிக்கொள்கிறது. போக இடமில்லாதவன் என்று தொடங்கி உருப்படாதவன் என்று முடியும் இந்தப் பயணத்தை ஆங்கிலச் சொல் பல நூறு ஆண்டுகள் நடந்து முடித்தது. நம் சொல்லோ இரண்டு பொருளையும் இன்றைக்கும் ஒரே நாக்கில் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வளவு பொருந்திய இணை கிடைப்பது அரிது.

திட்டும் சொல் கொஞ்சலாவதும் இரண்டு பக்கத்திலும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ தன் மனைவி நடந்து செல்வதைப் பார்த்துப் பெருகும் அன்போடு அவளை 'ரெட்ச்' என்றுதான் அழைக்கிறான். நம் பாட்டிமார்கள் பேரனின் கன்னத்தைக் கிள்ளி 'படுபாவிப் பயலே' என்பதைக் கேட்டவர்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் மட்டும் 'போக்கற்றவளே' என்று மொழிபெயர்த்தால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். 'அடி படுபாவி' என்பதே சரி.

இன்னொரு விலக்கு: பெயரடையாகிய 'ரெட்சிட்' ஆட்களுக்கு மட்டுமன்றிப் பல்வலிக்கும், ஒழுகும் கூரைக்கும், மூன்று நாள் விடாமல் பெய்து மரம் வெட்டவிடாமல் செய்யும் மழைக்கும் வரும். அங்கெல்லாம் போக்கற்ற மழை என்று எழுத முடியாது. 'பாழாய்ப்போன மழை' என்பதே பொருத்தம். தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். 'இழவு பிடித்த பல்வலி' என்றாலும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதைத் தேர்வுத்தாளில் எழுத வேண்டாம் என்று பேரனிடம் கிராணி ஐயா எச்சரிக்க வேண்டும்.

ஆகவே பயிற்சியில் உள்ள அந்த வாக்கியத்தை, 'போக்கிடமற்ற அக்குடும்பத்தினர் மூட்டை முடிச்சுகளுடன் சாலையோரத்தில் அமர்ந்திருந்தனர்' என்று எழுதலாம். அந்த அம்மாவிடம், அடுத்த சனிக்கிழமை தேநீர் மற்றவர்களின் செலவு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.